வயித்தைக் குறைச்ச ஆபரேஷனும் நம்ம கோயில் பந்தியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு நிதானமா படிங்க.

நான் உடல் எடை குறைக்கும் அறுவை சிகிச்சை செஞ்சுகிட்டது தஞ்சோங் ரம்புத்தான்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் "ஏதோ பெரிய வியாதியாம், அதான் இப்படி இளைச்சுட்டா"ன்னு பேசிக்கிறதா கேள்வி. ஆபரேஷன் முடிஞ்சு 14 மாசம் ஆச்சு. 118 கிலோ இருந்தேன், இப்போ 83. இனிப்புநீருக்கு இன்சுலின் ஊசி நின்னுடுச்சு, மாத்திரை மட்டும் ஒண்ணு ஓடுது. இதுல மறைக்க ஒண்ணும் இல்லை.

ஆனா ஒரு வார்த்தை மட்டும் மனசுல தங்கிடுச்சு. கோயில் வாசல்ல, நாலு பேர் முன்னாடி, ஒரு அண்ணே சொன்னார்: "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டிக்கிட்டியேம்மா." எல்லாரும் சிரிச்சாங்க. அவர் கெட்டவர் இல்லை. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் நினைக்கிறதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். குண்டா இருந்தா அது வாய்க்கொழுப்பு, ஆபரேஷன் செஞ்சா அது குறுக்கு வழி. இந்த ரெண்டுமே தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

வாயைக் கட்டாமலா இருந்தேன்? இருபது வருஷம் கட்டினேன். சோறை நிறுத்தினேன், ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினேன், விடியற்காலை நாலு கிலோமீட்டர் நடந்தேன். 14 கிலோ குறைஞ்சது, ஒன்றரை வருஷத்துல 19 கிலோவா திரும்பி வந்துச்சு. இது என் ஒருத்தி கதை இல்லை. அமெரிக்காவுல 'பிகஸ்ட் லூசர்'னு எடை குறைக்கிற டிவி போட்டி ஒண்ணு. அதுல கலந்துகிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சுப் பரிசோதிச்சு 2016-ல் ஆய்வு வெளியிட்டாங்க. பெரும்பாலானவங்களுக்குப் போன எடை நிறைய திரும்பி ஏறியிருந்தது. அதைவிட முக்கியம், அவங்க உடம்பு சும்மா இருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவழிக்க வேண்டியதைவிடச் சுமார் 500 கலோரி குறைவாத்தான் செலவழிச்சுக்கிட்டு இருந்தது. எடை குறைஞ்சதை உடம்பு பஞ்சம்னு எடுத்துக்குது. பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். இதோட மல்லுக்கட்டி ஜெயிக்கிறவங்க இருக்காங்க, அவங்களுக்குக் கும்பிடு. தோத்தவங்க எல்லாம் சோம்பேறிங்க இல்லை.

எனக்குச் செஞ்சது 'ஸ்லீவ்'. வயித்துல அஞ்சு சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு, இரைப்பையில முக்கால் பங்குக்கும் மேல வெட்டி எடுத்துடுவாங்க. மிச்சம் இருக்கிறது ஒரு வாழைப்பழம் மாதிரி ஒடுக்கமா நீளமா இருக்கும். பசியைத் தூண்டுற 'கிரெலின்'ங்கிற சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுக்கிற அந்தப் பகுதியிலதான் உற்பத்தி ஆகுது. அதனாலதான் இது வெறும் பாத்திரத்தைச் சின்னதாக்குற வேலை இல்லை, பசியையே கொஞ்ச காலத்துக்கு அடக்குற வேலை. சுவீடன்ல 1987-ல் ஆரம்பிச்சு நாலாயிரத்துக்கும் மேற்பட்டவங்களைப் பல வருஷம் கவனிச்ச ஒரு ஆய்வு இருக்கு. எடை குறைக்கும் ஆபரேஷன் செஞ்ச கூட்டத்துல இறப்பு குறைவுன்னு 2007-ல் அதோட முடிவு வந்துச்சு. அழகுக்காகச் செய்யறதுன்னு நினைக்கிறவங்க இதைப் படிக்கணும்.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. முன்னெல்லாம் உயரத்துக்கும் எடைக்கும் போடுற பிஎம்ஐ கணக்கு 40 தாண்டணும், இல்லாட்டி 35 தாண்டி கூடவே வேற வியாதியும் இருக்கணும், அப்பத்தான் ஆபரேஷன். 1991-ல் வச்ச அளவு அது. 2022-ல் உலக அளவுல புது வழிகாட்டி வந்தது. மத்தவங்களுக்கு 35-ன்னா, ஆசியக்காரங்களுக்கு 27.5-லயே இந்தச் சிகிச்சை பத்திப் பேசலாம்னு சொல்லிட்டாங்க. ஏன்னா நமக்குக் கொழுப்பு இடுப்பைச் சுத்தி, வயித்துக்குள்ளயே சேருது, கம்மி எடையிலயே இனிப்புநீர் வந்துடுது. மலேசியாவுல 2019-ல் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்க. பெரியவங்கள்ல இனிப்புநீர் இருக்கிறவங்க மொத்தமா 18.3 விழுக்காடு, இந்தியர்கள்ல மட்டும் 31.4. மூணு பேருக்கு ஒருத்தர்னு வச்சுக்குங்க. அன்னதானப் பந்தியில எதிர் எதிரா உக்கார்றவங்களை எண்ணிப் பாருங்க.

எங்க ஆயா உலு கிந்தா பக்கத்துத் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடி கிளம்பி நானூறு, ஐந்நூறு மரம், ஏத்தம் இறக்கம், திரும்பும்போது பால் வாளி ரெண்டு பக்கமும். அவங்க சாப்பிட்ட அளவு சோறு அவங்களுக்குச் செலவாயிடும். தோட்டம் போச்சு, தாமானுக்கு வந்தோம், தொழிற்சாலையில மெஷின் முன்னாடி உக்கார்ந்தோம். சோத்துத் தட்டோட அளவு மட்டும் லயத்துல இருந்த அதே அளவு. போதாததுக்கு தே தாரிக்கும் சிராப் தண்ணியும். இதுல தனி ஒருத்தரோட வாயை மட்டும் குத்தம் சொன்னா எப்படி?

சரி, குறுக்கு வழின்னு சொன்னீங்களே, அந்த வழி எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆறேழு மாசம் ஓட்டம். ரத்தப் பரிசோதனை, தூக்கப் பரிசோதனை, வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கிறது, உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர். கோலாலம்பூருக்கு எத்தனை தடவை ரயில் ஏறினேன்னு கணக்கு இல்லை. கடைசி ரெண்டு வாரம் வெறும் புரதப் பால்தான். கல்லீரல்ல கொழுப்பு வத்தினாத்தான் டாக்டருக்கு உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். அந்த ரெண்டு வாரத்துலயும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முந்நூறு பேருக்குப் பொங்கலும் சாம்பாரும் ஆக்கிப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து அந்தப் பாலைக் குடிச்சேன்.

ஆபரேஷன் அன்னிக்குச் சாயங்காலமே எழுப்பி நடக்க வச்சுட்டாங்க. வயித்து வலியைவிடத் தோள்பட்டை வலிதான் உயிர் எடுத்துச்சு, உள்ளே நிரப்புற காத்து அங்கதான் போய் உறுத்துமாம். மறுநாள்லேர்ந்து மருந்து குடிக்கிற சின்னக் கிண்ணத்துல 30 மில்லி தண்ணி. அதை ஒரே மடக்குல குடிக்க முடியாது. கால் மணி நேரம் ஆகும். ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம், அப்புறம் அரைச்சது, அப்புறம் குழைஞ்சது, ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் கெட்டியா ஏதோ. சாப்பிடும்போது தண்ணி கூடாது. அரை மணி நேரம் விடணும். ஒரு வாய் கூடிப்போனா நெஞ்சுக்குழியில கல்லு வச்ச மாதிரி அடைக்கும், வாயில நுரை தள்ளும், வாந்தி எடுத்தாத்தான் அடங்கும்.

நாலாவது மாசம் முடி கொத்துக்கொத்தா கொட்டிச்சு. அது திரும்பி வந்துடும்னு சொன்னாங்க, வந்துடுச்சு. தொங்குற தோல் போகலை. சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு: பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. இதை விட்டா ரத்தசோகை வரும், கை கால் மரத்துப் போகும். வேகமா எடை குறையறதால பித்தப்பையில கல்லு வரலாம். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகணும். சைவம் மட்டும் சாப்பிடுற நாள்ல அது சாமானியம் இல்லை. பருப்பு, டோஃபு, தெம்பே, தயிர்னு முதல்ல அதைச் சாப்பிட்டு, இடம் இருந்தாத்தான் சோறு. இவ்வளவு செஞ்சும் ரெண்டு வருஷம் கழிச்சுப் பழையபடி கொறிக்க ஆரம்பிச்சா எடை ஏறும். வெட்டினது வயித்தைத்தான், பழக்கத்தை இல்லை.

ஆபத்தே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரல்ல சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஆபரேஷனுக்குப் போன ஒரு இளைஞர் இறந்துபோனார், அரசாங்கம் விசாரணை வச்சது. நல்ல கைகள்ல செஞ்சா உயிராபத்து ரொம்பக் குறைவு, ஆனா பூஜ்யம் இல்லை. ஃபேஸ்புக்குல மலிவு விலை 'பேக்கேஜ்' விளம்பரம் பார்த்துட்டு எல்லை தாண்டிப் போறவங்க ஒண்ணை மட்டும் யோசிங்க. வீட்டுக்கு வந்து மூணாவது நாள் காய்ச்சலும் நெஞ்சு படபடப்பும் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க? இதுக்குப் பதில் இல்லாத இடத்துல படுக்காதீங்க. ஸ்லிம்மிங் காப்பி விக்கிறவங்களுக்கும் இதையே சொல்றேன். அந்த மாதிரிப் பாக்கெட்டுகள்ல 'சிபுட்ரமின்' கலந்திருக்குன்னு நம்ம சுகாதார அமைச்சு எத்தனையோ தடவை எச்சரிச்சிருக்கு. மாரடைப்பு, பக்கவாதம் வருதுன்னு 2010-ல் பல நாட்டுல தடுத்த மருந்து அது. கோயில் வாட்ஸ்அப் குழுவுல அந்த விளம்பரம் போடாதீங்க, கும்பிட்டுக் கேக்கிறேன்.

இப்போ நான் சொல்ல வந்த பெரிய விஷயம்.

ஒரு தங்கச்சி. பேர் வேணாம், ஊரும் வேணாம். என்னை மாதிரியே ஆபரேஷன் செஞ்சுகிட்டா, ஆனா மாமியார் வீட்டுல சொல்லலை. 'வாயைக் கட்டத் தெரியாதவ'ன்னு பேர் வாங்கப் பயம். மூணாவது மாசம் ஒரு விசேஷத்துல தட்டு நிறைய வச்சுட்டாங்க. பிரசாதம், வேண்டாம்னு சொல்லக்கூடாதாம். சாப்பிட்டா, கழிவறையில போய் வாந்தி எடுத்தா. மறுநாளும் அதே கதை. ஒரு வாரத்துக்கு மேல வாந்தி. யார்கிட்டயும் சொல்லலை. இந்த ஆபரேஷன் செஞ்சவங்க நாள்கணக்குல வாந்தி எடுத்தா உடம்புல பி1 சத்து வத்திப்போய் நரம்பும் மூளையும் பாதிக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கண்ணு ரெட்டையாத் தெரியுது, நடை தள்ளாடுதுன்னு ஆனப்புறம்தான் கூட்டிட்டுப் போனாங்க. பிழைச்சுட்டா. நடை இன்னும் பழையபடி வரலை. அவளை அந்த நிலைக்குக் கொண்டுபோனது ஆபரேஷன்னு நான் சொல்ல மாட்டேன். அவ வாயை மூட வச்ச நம்ம பேச்சுதான்.

வியாதியைக் கேலியாக்கினா என்ன ஆகும்னு மத்த ஊரைவிட நமக்கு நல்லாத் தெரியணும். 1911-லேர்ந்து பஹாகியா மருத்துவமனை நம்ம ஊர்ல இருக்கு. நாடு பூரா "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்"னு சொல்லிச் சிரிச்சாங்க. ஸ்கூல்ல, வேலை இடத்துல ஊர் பேரைச் சொல்லவே நாம கூச்சப்பட்டிருக்கோம். மனசு சரியில்லாதவங்க வெளியில தெரிஞ்சா அவமானம்னு வீட்டுக்குள்ளயே கிடந்தாங்க. அந்தக் கேலியோட வலி தெரிஞ்ச ஊர்க்காரங்க நாம. இன்னொருத்தர் உடம்பை வச்சு அதே வேலையைச் செய்யலாமா?

"முருகன் மேல நம்பிக்கை இல்லையா, நேர்த்திக்கடன் வச்சிருக்கலாமே"ன்னும் கேட்டாங்க. கண்ணுல புரை விழுந்தா ஆபரேஷன் பண்ணிக்கிறோம், அப்போ யாரும் நம்பிக்கையைக் கேக்கிறதில்லை. கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்கிறதை நான் நிறுத்தலை. முழுநாள் பட்டினி விரதம் மட்டும் டாக்டர் வேண்டாம்னுட்டார், அதை முருகன்கிட்ட நானே சொல்லிட்டேன். நீங்க இடையில வேணாம்.

பந்தி விஷயத்துக்கு வர்றேன். அன்னதானத்தைக் குறைக்கச் சொல்லலை, பாயாசத்தை நிறுத்தச் சொல்லலை. பசியோட வர்றவங்களுக்கு வயிறு நிறையப் போடணும், அதுல மாத்தமே இல்லை. ஆனா போதும்னு ஒருத்தர் கையைக் குறுக்கே வச்சா, அந்தக் கைக்கு மேல கரண்டியை நீட்டாதீங்க. "என்ன அக்கா, சாமி சாப்பாடு, இவ்வளவுதானா?"ன்னு சத்தமா கேக்காதீங்க. விரல் நுனியில எடுத்துக் கண்ல ஒத்திக்கிட்டாலும் அது பிரசாதம்தான். குண்டா இருக்கிற பிள்ளை ரெண்டாவது தடவை கேட்டா முகத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க.

நிர்வாகத்துல பேசிட்டோம். வர்ற வெள்ளிக்கிழமையிலேர்ந்து சிராப் தண்ணி டிரம் பக்கத்துலயே சாதா தண்ணி டிரம்மும் இருக்கும். சுண்டலும் கெட்டிப் பருப்பும் சோத்துக்கு முன்னாடி வரும். சின்னத் தட்டு இடது பக்க மேசையில அடுக்கியிருப்போம், யாரும் எடுக்கலாம், யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. பரிமாற வர்ற தம்பிங்க ஆறு மணிக்கே வந்துடுங்க, உங்ககிட்ட அஞ்சு நிமிஷம் பேசணும். ஆபரேஷன் பத்தி யாருக்காவது தனியா கேக்கணும்னா சமையல்கட்டுப் பின்வாசல் பக்கம் வாங்க, கத்தரிக்காய் நறுக்கிக்கிட்டே பேசலாம்.