தொடாமலே தெரிந்துகொள்ளும் காவல்காரன்

போன சித்திரையில் மொட்டைமாடியில் வடாம் காயவைக்கப் போன என் மாமியார், படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. சுட்டெரிக்கும் வெயிலில் வழுக்குவானேன் என்கிறீர்களா? மேல்தொட்டி நிரம்பி வழிந்து, தண்ணீர் படியில் ஓடியிருக்கிறது.

இத்தனைக்கும், தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்த ஒரு கருவி வைத்துத்தான் இருந்தோம். தொட்டிக்குள் தொங்கும் உலோகக் கம்பிகளைத் தண்ணீர் எட்டினால், அவற்றிடையே லேசாக மின்சாரம் பாயும், மோட்டார் நிற்கும். எங்களுடையதோ உப்புத் தண்ணீர். ஒரே வருஷத்தில் கம்பியில் உப்பு கெட்டியாகப் படிந்துவிட்டது. தண்ணீர் வந்ததே அதற்குத் தெரியவில்லை! மோட்டார் பாட்டுக்கு ஓடியது.

பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "கெபாசிடிவ் சென்சார் போட்டுடலாம்க்கா. தொட்டிக்கு வெளியிலேயே ஒட்டினாப் போதும்" என்றார்.

"தண்ணியைத் தொடாம எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

சென்சார்மேல் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். விளக்கு பளிச்சென்று எரிந்தது!

எதிரே இருக்கும் பொருள் மின்னூட்டத்தைத் தேக்க எவ்வளவு உதவுகிறது என்பதைத்தான் அது பார்க்கிறதாம். காற்றுக்கு 1 என்றால், தண்ணீருக்குச் சுமார் 80! சுவருக்கு அந்தப் பக்கம் காற்று இருந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியதும் அந்த வித்தியாசத்தை உணர்ந்து மோட்டாரை நிறுத்திவிடுகிறது. கைபேசித் திரை நம் விரலை அறிவதும் இதே தத்துவம்தான்.

வாங்குமுன் சில விஷயங்களைக் கவனியுங்கள். வெளியே ஒட்டும் வகை பிளாஸ்டிக் தொட்டிக்குத்தான் சரி. உலோகத் தொட்டியானால் சுவரே மறைத்துவிடும். கனமான சிமென்ட் சுவருக்கும் ஒத்துவராது. உள்ளே பாசி படிந்து ஈரமாகவே இருந்தாலும், வெளியே மழைநீர் வழிந்தாலும் தொட்டி நிறைந்துவிட்டதாக ஏமாந்துபோகும். ஆகவே தொட்டியை அவ்வப்போது தேய்த்துக் கழுவுங்கள்; சென்சாருக்கு மேல் மழை படாமல் ஒரு மறைப்பு வையுங்கள்.

கருவி இருக்கிறதே என்று ஒரு வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்தது என் தப்பு. இப்போது மாதம் ஒருமுறை, மோட்டார் ஓடும்போது ஈரமில்லாத கையைச் சென்சார்மேல் வைத்துப் பார்க்கிறேன். மோட்டார் நின்றால் நிம்மதி.

நான் மறந்தாலும் மாமியார் விடுவதில்லை. "மாசம் பொறந்தாச்சே, கை வெச்சுப் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாடிப்படி ஏறுகிறார்!