முகக்கவசம் கொடுத்தாயிற்று என்று கைகழுவுவதைக் கண்டிக்கிறோம்

தூய்மைப் பணியாளர் சங்கத்தின் கண்டன அறிக்கை

சென்னையில் 17 ஆண்டுகளாகச் சாலை கூட்டிவரும் எமது சங்க உறுப்பினர் ஒருவர், மூச்சு வாங்குகிறது, மண் அள்ளும் வேலையிலிருந்து மாற்றிக் கொடுங்கள் என்று ஒப்பந்த நிறுவனத்திடம் மனு கொடுத்தார். மாற்றுப் பணி வரவில்லை. அடுத்த மாதப் பணிப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. காரணம் கேட்டுப் போன சங்க நிர்வாகிகளுக்குக் கிடைத்த பதில்: முகக்கவசம் கொடுத்தோம், அவர்தான் ஒழுங்காகப் போடவில்லை, நோய்க்கு நாங்கள் பொறுப்பல்ல. மாநகராட்சியின் மண்டல அதிகாரிகளும் இதையே திருப்பிச் சொன்னார்கள். இந்தப் பணி நீக்கத்தையும், அதைவிட முக்கியமாக இந்தப் பதிலையும் எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் வேறு வார்டில் கிடைக்கக்கூடிய வேலையும் போய்விடும். வயது 48. பீடி, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. வீட்டில் எரிவாயு அடுப்பு. இதையெல்லாம் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு. ஆனால் இருமல் என்று போகும் எங்கள் ஆட்களிடம் முதலில் கேட்கப்படுவது அதுதான். என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வி கடைசியில் வரும், பல நேரம் வராமலே போகும்.

அவருக்குக் கொடுக்கப்பட்ட முகக்கவசத்தைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒற்றை மடிப்புத் துணி. துவைத்துத் துவைத்து ஒரு பக்க எலாஸ்டிக் தொய்ந்து, முடிச்சுப் போட்டுச் சரிசெய்திருந்தது. வெளிப்பக்கம் அழுக்காக இருந்ததில் ஆச்சரியமில்லை. உள்பக்கத்தைத் திருப்பினால், மூக்கு படும் இடத்தில் கறுப்பாக இரண்டு வட்டம். தூசி துணியைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன ஆய்வறிக்கை வேண்டும்? அவர் முகக்கவசம் போடவில்லை என்று சொன்னவர்கள் இந்த உள்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போதும் அது எங்களிடம் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

சாலையோரத்தில் படியும் மண் வெறும் மண் கிடையாது. கட்டுமான லாரிகள் சிந்திப்போகும் சிமெண்டும் எம்-சாண்டும், டயரும் பிரேக்கும் தேய்ந்த துகளும், டீசல் கரியும் அதில் கலந்திருக்கின்றன. பெரிய துகளை மூக்கு பிடித்து வைத்துவிடும், தும்மினால் போய்விடும். 10 மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்றறைகள்வரை போகும். மணல் தூசியில் உள்ள சிலிக்கா அங்கே போய் உட்கார்ந்தால் தழும்பாகிவிடும். அந்தத் தழும்பை ஆற்ற எந்த மருந்தும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் இந்த 2.5 மைக்ரான் நுண்துகளுக்குச் சொன்ன ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் நாட்டின் வரம்பு 40. மணலியிலும் ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவை அளப்பது ஊரார் சுவாசிக்கும் காற்றை. குனிந்து சீமாறு வீசுபவரின் மூக்கு தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருக்கிறது. முறத்தில் அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டும்போது முகத்துக்கு நேரே எழும்பும் அந்தப் புழுதியை எந்த நிலையமும் அளந்ததில்லை.

குப்பை எடுப்பவர் நிலைமை வேறு மாதிரி. வீடுகளில் பிரிக்காமல் கட்டிக் கொடுக்கும் பையை அவிழ்த்துக் கையால் பிரிக்கும்போது, இரண்டு நாள் புளித்த சோற்றிலிருந்தும் காய்கறிக் கழிவிலிருந்தும் பூஞ்சை வித்துகளும் பாக்டீரிய நச்சும் ஆவியோடு சேர்ந்து மேலே வரும். காம்பாக்டர் லாரியின் தட்டு அழுத்தும்போது பின்னால் நிற்பவர்மேல் சாறு மட்டும் தெறிப்பதில்லை, பைகளுக்குள் அடைபட்டிருந்த காற்றும் வெளியே பீறிடுகிறது. பொதுக் கழிப்பறை கழுவுபவருக்கு ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கொடுக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. கண் எரிந்து நெஞ்சு அடைத்தபின் அவர்களே கற்றுக்கொள்கிறார்கள். அமைச்சர் வருகிறார் என்றால் சாலையின் இரு ஓரமும் வெள்ளைக் கோடு போட்டதுபோல் பிளீச்சிங் பவுடர் தூவ வேண்டும். அதைத் தூவுவது வெறும் கை.

தீபாவளிக்கு மறுநாள் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெருவெல்லாம் சிதறிக் கிடக்கும் பட்டாசுக் கழிவை விடிவதற்குள் கூட்டி முடிக்கச் சொல்வார்கள். வெடிக்காத மருந்தும் கந்தகமும் உலோக உப்புகளும் கலந்த காகிதத் தூள் அது. மாநகராட்சி அதைச் சாதாரணக் குப்பையோடு சேர்ப்பதில்லை. தனியே மூட்டை கட்டி, அபாயகரமான கழிவுகளைக் கையாளும் கும்மிடிப்பூண்டி மையத்துக்கு அனுப்புகிறது. சரியான காரியம், பாராட்டுகிறோம். லாரியில் ஏறும்போது அபாயகரமாக இருக்கும் அந்தக் கழிவு, சீமாற்றால் கூட்டும்போது மட்டும் எப்படிச் சாதாரணமாக இருந்தது? கூட்டியவர் முகத்தில் இருந்தது அதே ஒற்றைத் துணிதான்.

குப்பைமேடு பற்றி எரியும் நாள்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது சுற்றுவட்டாரக் குடியிருப்புகள் சன்னலைச் சாத்திக்கொண்டன. மேட்டின் மேலேயே வேலை செய்பவருக்குச் சாத்திக்கொள்ள சன்னல் ஏது? கொடுங்கையூர் குப்பைமேட்டிலும் அதே கதை.

நாங்கள் முகக்கவசத்துக்கு எதிரிகள் இல்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கையுறை, காலணி, மழைக்கோட்டு, ஒளிரும் மேலங்கியோடு முகக்கவசத்தையும் கொடுக்கச் சொல்லிவிட்டன. கொடுங்கள். ஆனால் தூசியைத் தடுக்கும் முகக்கவசமாகக் கொடுங்கள். 0.3 மைக்ரான் துகளில் 95 சதவீதத்தைத் தடுக்கும் தரத்தில் ஒன்று இருக்கிறது. கொரோனா காலத்தில் ஊரே அதன் பெயரைக் கற்றுக்கொண்டது. அதையும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருத்தினால்தான் பயன், ஈரமானால் மாற்ற வேண்டும். மே மாத வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு வண்டி தள்ளுபவருக்கு இடையிடையே நிழலில் உட்கார நேரம் வேண்டும். ஒரு மணிநேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிடம் உட்கார்ந்தால் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடும் மேற்பார்வையாளர்களை வைத்துக்கொண்டு, முகக்கவசம் ஏன் கழுத்தில் தொங்குகிறது என்று கேட்பது அநியாயம்.

உண்மையில் முகக்கவசம் கடைசி அரண். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை எல்லாம் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்தால் பாதித் தொல்லை அங்கேயே அடங்கும். வாசல் தெளிக்கும் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் இது. நீளக் கைப்பிடி போட்ட துடைப்பம் கொடுத்தால் மூக்குக்கும் மண்ணுக்கும் தூரம் கூடும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மண்ணைச் சாலையில் கொட்டுபவருக்கு அபராதம் போட்டு வசூலித்தால் அள்ள வேண்டிய மண்ணே குறையும். இயந்திரத் துடைப்பான் வாகனத்தின் தண்ணீர்த் தெளிப்பான் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியை வெளியே விட்டால், அதன் பின்னால் போகிறவர் புழுதியில் குளிக்க மாட்டார். இவை எதையும் செய்யாமல் முழுப் பொறுப்பையும் ஒரு முழத் துணியின்மேல் ஏற்றிவிட்டு, அதற்கும் தொழிலாளியையே குற்றவாளியாக்குவதைத்தான் கண்டிக்கிறோம்.

அடுத்து, நோயைப் பதிவு செய்ய மறுப்பது. எமது உறுப்பினரின் ஓ.பி. சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். இருமல், வீசிங், நெஞ்சுச்சளி, மறுபடியும் வீசிங். ஆன்டிபயாடிக், நெபுலைசர், ஒரு இன்ஹேலர். ஒரு சீட்டில்கூடத் தொழில் என்ன என்று எழுதப்படவில்லை. எக்ஸ்ரே நார்மல் என்று ஒரு சீட்டு சொல்கிறது. அதைத்தான் நிறுவனம் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ஆஸ்துமாவும் மூச்சுக்குழாய் அடைப்பு நோயும் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கக்கூடும். அவற்றைக் கண்டுபிடிக்க ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் சோதனை இருக்கிறது. மூச்சை முழுதாக இழுத்து, குழாயில் விடாமல் வேகமாக ஊத வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குச் சேரும்போது ஒரு தடவையும் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையும் எடுத்து வைத்தால், நுரையீரல் எப்போது சரியத் தொடங்கியது என்று காகிதம் பேசும். எங்களுக்கு நடத்தப்படும் மருத்துவ முகாம்களில் இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், பேனர் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். அந்தக் குழாயை எங்கள் உறுப்பினர்கள் இதுவரை எந்த முகாமிலும் கண்ணால் பார்க்கவில்லை.

இந்தப் பதிவு ஏன் முக்கியம் என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் பதிவாகாமல் பார்த்துக்கொள்கின்றன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களை வரிசைப்படுத்தியது. மணல் தூசியால் வரும் சிலிகோசிஸ் அதன் ‘சி’ பகுதியில் இருந்தது. மட்கும் பொருள்களின் தூசியைச் சுவாசிப்பதால் நுரையீரலில் வரும் ஒவ்வாமை அழற்சியும் அதே பகுதியில் இருந்தது. இன்ன தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கு மட்டும் என்று அங்கே எல்லை போடவில்லை. அந்த ஆபத்துக்கு ஆட்படும் எல்லா வேலையும் அடங்கின. இ.எஸ்.ஐ. சட்டத்திலும் இதே நோய்கள்தான் இருந்தன. இவற்றுக்குப் பதிலாக 2025இல் நடைமுறைக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அந்த அட்டவணையைத் தக்கவைத்திருக்கிறது.

ஆனால் ‘சி’ பகுதி நோய்க்கு இழப்பீடு கேட்க, குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இங்கேதான் ஒப்பந்த முறை எங்களைக் கவிழ்க்கிறது. 2000ஆம் ஆண்டில் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை முதன்முதலாகத் தனியாரிடம் போனது. அதற்குப் பின் நிறுவனங்கள் மாறின, வண்டிகளின் நிறம் மாறியது, சீருடை மாறியது. எமது உறுப்பினர் கூட்டிய தெரு மாறவில்லை. அவர் கையில் மூன்று நிறுவனங்களின் அடையாள அட்டைகள் இருக்கின்றன. கடைசி நிறுவனத்தின் கணக்கில் அவர் நேற்று வேலைக்கு வந்தவர். முந்தைய நிறுவனத்தின் காலத்தில் வந்த நோய் என்று இவர்கள் சொல்கிறார்கள். முந்தையவர்களைத் தேடினால் அலுவலகமே இல்லை. சட்டம் எழுதியவர்கள் இந்தத் தந்திரத்தை முன்பே யோசித்திருக்கிறார்கள். ‘சி’ பகுதி நோயாளி பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால், ஆணையர் நியாயமென்று கருதும் விகிதத்தில் எல்லா முதலாளிகளும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. இதை நிறுவனங்களின் சட்ட ஆலோசகர்கள் படிக்கவில்லை என்று நம்ப நாங்கள் தயாராக இல்லை.

2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் பல நாள் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து போராடிய தூய்மைப் பணியாளர்களை 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. மறுநாள் கூடிய தமிழக அமைச்சரவை, குப்பையைக் கையாள்பவர்களுக்கு வரும் நுரையீரல், தோல் நோய்களைத் தொழில்சார் நோய்களாகக் கண்டறிந்து சிகிச்சையளிக்கத் தனித் திட்டம் கொண்டுவருவதாக அறிவித்தது. இரவில் நடந்ததை நாங்கள் மறக்கவில்லை. பகலில் வந்த அறிவிப்பையும் விடப்போவதில்லை. மாநில அரசே நுரையீரல் நோய் இந்த வேலையால் வருகிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஓர் ஒப்பந்த நிறுவனம் அதை மறுப்பதும், மண்டல அலுவலகம் அதற்குத் தலையாட்டுவதும் யார் கொடுத்த தைரியத்தில்?

மலக்குழியில் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் சாவு ஒரு நிமிடத்தில் நடப்பதால் ஊர் அறிகிறது. பத்து வருடம் இருமி, கடைசி ஆண்டில் மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்து, வீட்டுக் கட்டிலில் இறப்பவரின் சான்றிதழில் மாரடைப்பு என்றோ சளிக்காய்ச்சல் என்றோ எழுதுகிறார்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர், ஆதிதிராவிடர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதற்கும் இந்தக் கணக்கு எழுதப்படாமல் போவதற்கும் தொடர்பில்லை என்று சொல்பவர் முதலில் எங்கள் குடியிருப்புக்கு ஒரு நாள் வரட்டும்.

பணி நீக்கத்தை உடனே ரத்து செய்து, எமது உறுப்பினருக்குத் தூசி படாத வேலையைச் சம்பளம் குறையாமல் கொடுக்க வேண்டும். வேலையில்லாமல் போன நாள்களின் ஊதியமும் சேர்த்து. மாநகராட்சி எல்லா மண்டலங்களிலும் நிரந்தரம், தினக்கூலி, ஒப்பந்தம் என்ற வேறுபாடின்றி மூச்சுத்திறன் சோதனையைத் தொடங்கி, முடிவைத் தொழிலாளியின் கையில் எழுத்தில் தர வேண்டும். அரசு மருத்துவமனைச் சீட்டுகளில் நோயாளியின் தொழிலும் எத்தனை வருட வேலை என்பதும் கட்டாயம் எழுதப்பட வேண்டும். இனிப் போடும் ஒப்பந்தங்களில் பழைய பணிக்காலத்தைத் தொடர்ச்சியாகக் கணக்கில் எடுக்கும் பிரிவு இருக்க வேண்டும். தண்ணீர் தெளிக்காத சாலையைக் கூட்ட மறுப்பவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது. இந்த மாதத்துக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் மண்டல அலுவலகம் முன் காத்திருப்புப் போராட்டம் நடக்கும். கறுத்துப்போன அந்த முகக்கவசத்தோடு இழப்பீட்டு வழக்கும் தொடரப்படும்.

உறுப்பினர்களுக்கு: ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீது, சம்பளச் சீட்டு, பழைய நிறுவனங்களின் அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். வருகைப் பதிவு செல்போனில் இருந்தால் படம் பிடித்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே தொழிலைச் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுத மறுத்தால் சண்டை போட வேண்டாம், தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, வேலை முடிந்து வரும்போது சங்க அலுவலகத்தில் கொடுத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகல் செலவைச் சங்கம் ஏற்கும்.

நிர்வாகக் குழு