எழுத்துக்கு விசுவாசம் என்னும் சாக்கு

அரசியலமைப்பை எழுத்துப் பிசகாமல் படிக்கும் நீதிபதிதான் நடுநிலையாளர்; தாராளமாகப் பொருள் கொள்பவர் நீதிமன்றத்தில் அமர்ந்து சட்டம் இயற்றுகிறவர். படித்தவர், படிக்காதவர் வேறுபாடில்லாமல் நம்மிடையே பரவிக் கிடக்கும் நம்பிக்கை இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க ஜொகூர் மக்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையைப் புரட்டினாலே போதும்.

வெளிநாட்டவரை மணந்த ஜொகூர் பெண் ஒருத்தி, பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் பிள்ளை பெற்றால் அது மலேசியக் குடியுரிமையோடு பிறக்கிறது. அங்கே பிறப்பவருக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும் என்கிறது அட்டவணை. அவளே சென்னையிலோ லண்டனிலோ பெற்றால், அட்டவணை திருத்தப்படும்வரை 'தந்தை' குடிமகனா என்ற கேள்வி குறுக்கே வந்தது. இதுபற்றிய வழக்கில் 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி அக்தார் தாஹிர் 'தந்தை' என்பது தாயையும் உள்ளடக்கும் என்றார். 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது, நீதிபதி எஸ். நந்தபாலன் மட்டும் மாறுபட்டார்.

எழுத்துவாதிகளின் வலுவான வாதம் இது: ஓரிடத்தில் 'பெற்றோரில் ஒருவர்', மற்றோரிடத்தில் 'தந்தை' என்று எழுதியவர்களுக்கு வேறுபாடு தெரிந்துதானே இருக்கும்? தெரிந்துதான் இருக்கும். ஆனால் அந்த எழுத்தோடு அரசியலமைப்பு நின்றுவிடவில்லை. 2001-இல் நாடாளுமன்றம் 8(2) விதியில் 'பால்' என்ற சொல்லைச் சேர்த்தது. அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்தாலொழியப் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பதும் எழுத்துதான். 'தந்தை' என்ற ஒற்றைச் சொல் அப்படியொரு வெளிப்படையான அனுமதியா, எழுதிய காலத்தின் வழக்கமா? அகராதி இதற்குப் பதில் சொல்லாது. பழைய விதிக்கு முதலிடம் தரும் நீதிபதியும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுக்கவே இல்லை என்று சொல்லிக்கொள்வதுதான் வேறுபாடு. அரசியலமைப்பைச் சாதாரணச் சட்டம்போலக் குறுக்கிப் படிக்கலாகாது என்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமோகமும் அல்ல. ஒத்மான் பகிண்டா வழக்கில் நம் நீதிபதி ராஜா அஸ்லான் ஷாவே அதைச் சொல்லிவிட்டார்.

கடிவாளமில்லாத நீதிபதி நாளை உரிமையைப் பறிக்கவும் மாட்டாரா என்பார்கள். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் விதிகளை ஒன்றோடொன்று இணைத்துப் படிப்பவர் காரணங்களை எழுத்தில் வைக்கிறார். மேல் நீதிமன்றம் அவற்றை அலசலாம். 'சொல் தெளிவாக இருக்கிறது' என்று ஒருவரியில் முடிப்பவரிடம் அலச என்ன இருக்கிறது?

நாடாளுமன்றத்திடம் போகலாமே என்கிறவர்களுக்கு 2024 அக்டோபர் பதில் சொல்கிறது. மக்களவை 206 வாக்குகளோடு தாய்க்கும் அந்த உரிமையைத் தந்தது, நல்லது. ஆனால் அதே மசோதா, நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் தானியங்கிக் குடியுரிமையை எடுத்துவிட்டது. நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு தலைமுறைகளைக் கழித்த நம் குடும்பங்களுக்கு அதன் கனம் தெரியும். நீதிமன்றம் தன் கடமையைச் செய்திருந்தால், உரிமை இப்படிப் பேரப் பொருளாகியிருக்காது. தாய்மாருக்குச் சாதகமான அந்தத் திருத்தமும் பின்னோக்கிச் செல்லாது. அதற்குமுன் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் அதில் சேரவில்லை.