அரசிதழில் விடுபட்ட அட்டவணை

ஒரு குடம் தண்ணீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் ஆன்டிபயாடிக்கின் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கரைத்தால் எவ்வளவு மருந்து இருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு மருந்து ஐதராபாத்தை ஒட்டிய பட்டன்சேருவில் ஓடையில் விடப்பட்ட நீரில் இருந்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்சன் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு அது: லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை. அந்த மாத்திரையை விழுங்கிய நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். அவர்கள் சோதித்தது திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்ட கழிவை அல்ல. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரை வாங்கி, பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று ‘சுத்திகரித்து’ வெளியே விட்ட நீர். ஒரே நாளில் அந்தக் குழாய் வழியே வெளியேறிய சிப்ரோஃப்ளாக்சசின் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். ஸ்வீடன் நாடு முழுவதும் அப்போது ஐந்து நாட்களுக்குப் பயன்படுத்திய அளவு அது. அந்த ஓடை நக்காவாகு என்னும் பெரிய ஓடையில் சேர்ந்து, மஞ்சிரா ஆற்றின் வழியாகக் கோதாவரிக்குப் போகிறது.

ஆற்றில் மருந்து கலப்பது மீனுக்கும் வயலுக்கும் கேடு என்பதோடு இந்த விஷயம் முடிந்துவிடாது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்வதே பாக்டீரியாக்கள்தான். கழிவைத் தின்று செரிக்கும் அந்த உயிர்கள் ஆலைக் கழிவில் பிழைப்பது கடினம் என்பதால், பட்டன்சேருவில் வீட்டுச் சாக்கடை நீரையும் சேர்த்தார்கள். மனிதக் குடலிலிருந்து வந்த கோடானுகோடி பாக்டீரியாக்களும், அவற்றைக் கொல்லும் மருந்தும் ஒரே தொட்டியில், இரவும் பகலும். எளிதில் சாகக்கூடியவை செத்துப்போகும். மருந்தைத் தாங்கும் மரபணு உள்ளவை மட்டும் எஞ்சிப் பெருகும். அந்த மரபணுவை அவை தம் வாரிசுகளுக்கு மட்டும் தருவதில்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் ஏற்றி, பக்கத்தில் இருக்கும் வேறு இனத்துக்கும் கைமாற்றிக் கொடுக்கின்றன. நோய் உண்டாக்காத ஒரு சாக்கடைப் பாக்டீரியாவிடமிருந்து நிமோனியா தரும் பாக்டீரியா இப்படித்தான் பாடம் படிக்கிறது. மருத்துவமனையில் கடைசி ஊசியும் பலிக்காமல் ஒரு பச்சிளங்குழந்தை இறக்கும்போது, அந்தப் பாடம் எந்தத் தொட்டியில் படிக்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. 2019இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் நேரடியாக நேர்ந்த மரணங்கள் உலகில் 12.7 லட்சம், இந்தியாவில் ஏறத்தாழ 3 லட்சம் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இதற்கு ஒரு தீர்வு அரசின் கைக்கு வந்து, கைநழுவிப் போனது. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மருந்து ஆலைகளுக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. வெளியேறும் கழிவில் எந்த ஆன்டிபயாடிக் எவ்வளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்று 121 மருந்துகளுக்கு வரம்பு வைத்த அட்டவணை அதில் இருந்தது. உலகின் பல நாடுகள் அப்போது யோசிக்கக்கூடத் தொடங்காத காரியம் அது. இந்தியா முன்னால் நின்றது. வரம்பு மிகக் கடுமை என்று மருந்துத் துறை எதிர்த்தது. 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிப்பு அரசிதழில் வந்தபோது அந்த அட்டவணை அதில் இல்லை. கடுமை என்றால் அளவைத் திருத்தியிருக்கலாம், அவகாசம் தந்திருக்கலாம். அடியோடு எடுத்ததை இந்த நாளிதழ் ஏற்கவில்லை. அந்த அட்டவணை திரும்ப வேண்டும்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கு ஆலைகளை மட்டும் குறை சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானதுதான். சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்குகிறோம்; அதில் ஒரு பகுதி உடலிலிருந்து சாக்கடைக்குப் போகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்குப்படி, இந்திய நகரங்களில் ஒரு நாளில் உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 28 சதவீதம். சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காவிரி நீரில் வலிமாத்திரை, ரத்த அழுத்த மருந்து ஆகியவற்றோடு சிப்ரோஃப்ளாக்சசினையும் கண்டார்கள். அங்கே பட்டன்சேரு போல மருந்து ஆலைத் தொகுப்பு எதுவும் தேவைப்படவில்லை, நாமே போதும். ஆனால் ஊர்ச் சாக்கடை முழுவதையும் சீர்செய்யப் பல்லாயிரம் கோடி ரூபாயும் பல ஆண்டுகளும் வேண்டும். ஆலையின் கழிவோ, முகவரி தெரிந்த ஒரு குழாயில் வருகிறது. அதிலிருக்கும் மருந்தின் செறிவு சாக்கடையில் ஒருபோதும் எட்டாத செறிவு. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதை முதலில் அடைக்காமல் இருப்பதற்கு மற்றது பெரிது என்பது காரணமாகாது.

ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது, பிறகு வரம்பு எதற்கு என்பது ஆலைகள் தரப்பின் இன்னொரு வாதம். சொட்டும் வெளியேறாது என்றால், வெளியேறுவதற்கு வரம்பு வைப்பதால் அவற்றுக்கு எந்த இழப்பும் இல்லை. தவிர, வரம்பு இல்லாதபோது வாரிய அதிகாரி ஓடையில் மாதிரி எடுத்தாலும் அமிலத்தன்மை, கரைந்த உப்பு, உயிர்வளித் தேவை ஆகியவற்றைத்தான் பார்ப்பார். ஆன்டிபயாடிக்குக்கு அவருடைய படிவத்தில் கட்டமே கிடையாது. திருப்பூரில் நொய்யல் ஆற்றில் சாயம் ஓடியபோது அது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீரைக் கண்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011இல் திருப்பூர் சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் கலந்த தண்ணீருக்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. அதைப் பார்த்து எந்த விவசாயியும் வழக்குப் போட முடியாது. சட்டம்தான் பார்க்க வேண்டும்.

பிடிவாதமாக மறுத்து நாம் ஒருமுறை காலத்தை வீணாக்கியிருக்கிறோம். டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008இல் ஸ்வீடனில் கண்டறியப்பட்ட, ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் பாக்டீரிய நொதிக்கு ‘நியூ டெல்லி’ என்று பெயரிட்டார்கள். 2010இல் அது இந்தியாவிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதைக் காட்டிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. பெயர் நாட்டுக்கு அவமானம் என்று இங்கே கொந்தளித்தார்கள். அடுத்த ஆண்டு டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் இரண்டிலும் அந்த நொதியை உருவாக்கும் மரபணு இருந்தது தெரிந்தது. பெயரைப் பற்றிய சண்டையில் தண்ணீரைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது.

இப்போது தாமதிக்க முடியாத புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. மூல மருந்துகளுக்குச் சீனாவை நம்பியிருக்கும் நிலையை மாற்ற, உற்பத்திக்கு ஊக்கத்தொகை கொடுக்கிறது அரசு. குஜராத், இமாசலப் பிரதேசம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் மூல மருந்துப் பூங்காக்களுக்கு ஒப்புதல் தரப்பட்டிருக்கிறது. காக்கிநாடாவில் 2024இல் பென்சிலின் ஜி ஆலை திறக்கப்பட்டது. இந்தத் தற்சார்பை நாம் முழு மனதோடு வரவேற்கிறோம். ஆனால் ஆன்டிபயாடிக் இங்கே கூடுதலாகத் தயாராகும்போது அதன் கழிவும் இங்கேதான் கூடும். ஆலை கட்டிய பிறகு சுத்திகரிப்பை ஒட்டவைப்பதைவிட, கட்டும்போதே அமைப்பது எளிது, மலிவு. ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார அமைப்பும் 2024 செப்டம்பரில் வெளியிட்டுவிட்டது. அளவுகோல் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

மத்திய அரசு அசையும் வரை தமிழ்நாடு காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்குவதில் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரி. நார்வேயின் மருத்துவமனைக் கொள்முதல் அமைப்பு 2019இல் ஆன்டிபயாடிக் ஒப்பந்தப்புள்ளியில் சுற்றுச்சூழலுக்கு 30 சதவீத மதிப்பெண் ஒதுக்கியது. நம் கழகம் அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே தொடங்கலாம்: மூல மருந்து எந்த ஆலையில் தயாரானது, அதன் கழிவு எங்கே போகிறது, அதில் மிஞ்சிய மருந்தின் அளவு என்ன என்று சுதந்திரமான ஆய்வகம் ஒன்றின் சான்றைக் கேட்கலாம். முதலாண்டில் சான்று தருவோருக்குக் கூடுதல் மதிப்பெண், மூன்றாம் ஆண்டிலிருந்து தராதவருக்குத் தகுதியில்லை என்று படிப்படியாக இறுக்கலாம். மாத்திரை விலை சில காசுகள் கூடலாம். அந்தக் காசைச் செலவிட இந்த மாநிலத்தால் முடியும்.