வேகமான பழைய கார் வாங்கப்போகும் தம்பிமாருக்கும், அவர்களைத் திட்டும் பெரியவர்களுக்கும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பின்னேரமானால் அமிர்தகழியைத் தாண்டி பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் சைலன்சர் மாற்றிய கார்களின் சத்தம் கேட்கிறது. "இந்தப் பொடியன்மாருக்கு வேறு வேலையில்லை, பொலிசில் பிடித்துக் கொடுக்க வேண்டும்" என்கிறார்கள் பெரியவர்கள். "எங்கட காசு, எங்கட கார், உங்களுக்கென்ன?" என்கிறார்கள் பொடியன்மார். இரண்டு பக்கத்திலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சிலர் நான் படிப்பித்த பிள்ளைகள். நானும் ஒரு பழைய ஹொண்டா சிவிக் ஈகே3 வைத்திருக்கிறேன், சனிக்கிழமைகளில் அதன் அடியில்தான் கிடப்பேன். அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

என் கருத்து இதுதான். வேகமான பழைய காரில் ஆசைப்படுவது தப்பில்லை. குறையை மறைத்து விற்பது தப்பு. பொது வீதியில் அதன் வேகத்தைச் சோதித்துப் பார்ப்பது அதைவிடப் பெரிய தப்பு.

முதலில் பெரியவர்களுக்கு. "இது வீண்விரயம்" என்று சொல்கிறீர்கள். ஆனால் இந்தக் கார்கள் குப்பை இல்லை. மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் முதலில் வந்தது 1992இல். சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸும் அதே வருடம். 1997இல் வந்த சிவிக் டைப் ஆர், டேர்போ இல்லாமலே 1.6 லீட்டர் எஞ்சினில் 185 குதிரைவலு கொடுத்தது. டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டேர்போ 1.3 லீட்டரில் 135. ஜப்பான்காரர்கள் மனம் வைத்துச் செய்த காலம் அது. அப்படி ஒரு எஞ்சினைப் பிரித்துப் பூட்டப் பழகிய பொடியனுக்கு, புத்தகத்தில் படிக்கிற வெப்பமும் அமுக்கமும் உராய்வும் கைக்குள் வந்துவிடும். வட்டிக்கு லீசிங் எடுத்துப் புதுக் கார் வாங்கி, மாதக் கட்டணத்துக்குத் திண்டாடுவதும் வீண்விரயம்தானே? அதை நாம் "முன்னேற்றம்" என்று பாராட்டுகிறோம்.

இனித் தம்பிமாருக்கு. இந்தக் கார்கள் ஏன் இவ்வளவு விலை என்று விளங்கிக்கொள்ளுங்கள். டொலர் தட்டுப்பாட்டால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. இப்போது இறக்குமதி திறந்தாலும், வயது வரம்பு இருப்பதால் தொண்ணூறுகளின் கார் இனி வராது. எண்ணிக்கை கூடாது, விபத்திலும் துருவிலும் குறையத்தான் செய்யும். ஆசைப்படுகிறவர்கள் மட்டும் கூடிக்கொண்டு போகிறார்கள். இப்படி ஒரு சந்தையில்தான் ஏமாற்று வளரும்.

எப்படி ஏமாற்றுகிறார்கள்? சாதாரண லான்சருக்கு எவோவின் பொனட், பம்பர், ஸ்பொய்லர் பூட்டி "எவோ" என்று விற்கிறார்கள். சாதாரண சிவிக்கில் சிவப்பு ஹொண்டா சின்னம் ஒட்டி "டைப் ஆர்" ஆக்குகிறார்கள். சின்னத்தைப் பார்க்காதீர்கள், சசி இலக்கத்தைப் பாருங்கள். எவோ 4 என்றால் சிஎன்9ஏ என்று இருக்க வேண்டும். 5, 6 என்றால் சிபி9ஏ. 7 முதல் 9 வரை சிடி9ஏ. சிகே என்று தொடங்கினால் அது சாதாரண லான்சர். அந்தக் கால டைப் ஆர் சிவிக் என்றால் ஈகே9. என்னுடைய ஈகே3 எவ்வளவு சின்னம் ஒட்டினாலும் ஈகே3தான். மாற்றிச் செய்த காரை மாற்றிச் செய்த கார் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பதில் குற்றமில்லை. அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்ட சம்பவம் நமக்குத் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுகிறவரைக் கண்டித்தார்கள். துருப்பிடித்த தகட்டின் மேல் புட்டி பூசி, பெயின்ட் அடித்து, "பொடி நல்ல கிளீன் நானா" என்று சொல்வது அந்த ஈரத் தானியம்தான். ஐந்து நேரம் தொழுதுவிட்டு மீட்டரைக் குறைத்து விற்பவருக்கும் இது பொருந்தும். மற்றச் சமயத்துச் சகோதரர்களும் இதில் வேறு கருத்துச் சொல்லமாட்டார்கள்.

நம்ம ஊரில் துரு ஒரு தனி விஷயம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, உப்புக் காற்று நாள் முழுக்க. கொழும்பிலோ கண்டியிலோ நன்றாக இருந்த கார் இங்கே நான்கு மழைக்காலம் கண்டால் அடித்தகடு, சில் வளைவு, கதவுக் கீழ் விளிம்பு எல்லாம் அரிக்கும். அதனால் காரை லிப்டில் ஏற்றி அடியைப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், சீற் பெல்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை இருந்தால் அது வெள்ளத்தில் முங்கிய கார். 2016இல் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலிலும் எத்தனை வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன என்று யோசியுங்கள். அவையெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டன என்று நம்பாதீர்கள்.

எஞ்சினைச் சத்தத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள், நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். எவோவின் 4ஜி63 எஞ்சினிலும் ஹொண்டாவின் பி16 எஞ்சினிலும் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் அன்றோடு சரி. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டேர்போ கார்கள் ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்குச் செய்தவை. நம்மிடம் பெரும்பாலும் கிடைப்பது 92, 95. பூஸ்டைக் கூட்டிவிட்டு 92 அடித்து ஓடினால் எஞ்சின் நொக் பண்ணியே பிஸ்டன் உடையும்.

செலவையும் பேசுவோம். என் கணக்கு எளிது. கையில் உள்ள காசில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கார், ஒரு பங்கு முதல் வருடத் திருத்தத்துக்கு. பெல்ட், புஷ், சொக் அப்சோபர், பிரேக், டயர் எல்லாம் அந்த வருடத்தில் வரிசையாக வந்து கேட்கும். சாமான் தேடி பஞ்சிகாவத்தைக்குப் போய்வரும் செலவு வேறு. உம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கும் கார் உங்களுடைய கார் இல்லை, அடகுக் கடையின் கார். 2022 ஜூனில் 92 பெற்றோல் லீட்டர் 470 ரூபாவுக்குப் போனதையும், பிறகு கியூஆரில் காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர் தந்ததையும் மறந்துவிடாதீர்கள். அப்படி ஒரு காலம் திரும்பி வந்தால் நிறுத்தி வைக்கக்கூடிய காராக இருக்க வேண்டும், வீட்டுச் சோற்றைத் தின்கிற காராக இருக்கக் கூடாது.

அடுத்தது பத்திரம். "ஓபன் பேப்பரில் இருக்கு, பிறகு மாற்றலாம்" என்பவரிடம் வாங்காதீர்கள். விற்பவர்களுக்கும் சொல்கிறேன், பெயர் மாற்றாமல் கொடுத்த கார் நாளைக்கு ஒருவரை மோதினால் பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவை. பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் நிறமும் காரோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நாளில் காப்புறுதியும் கையை விரிக்கலாம்.

இப்போது வீதிக்கு வருகிறேன். நான் இதை எழுதியதே இதற்காகத்தான்.

ஊர்மனைக்குள் காருக்கு வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். 60இல் போகும் கார் ஒரு செக்கனில் சுமார் 17 மீற்றர் போகும், 100இல் போனால் சுமார் 28 மீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். நாம் ஓடும் வீதியில் ரியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள், வலை காயவைக்கும் ஆட்கள், மாடு, நாய், எல்லாம் இருக்கிறது. மாமாங்கேஸ்வரர் திருவிழா நாட்களில் எவ்வளவு சனம் நடந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும். இருபத்தைந்து வருடப் பழைய பிரேக் குழாயை நம்பி அங்கே 100இல் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

2024 ஏப்ரல் 21, தியத்தலாவை பொக்ஸ்ஹில் போட்டி. இராணுவம் பார்த்து நடத்தும் ஓடுபாதை, பழகிய ஓட்டுநர்கள், கொடி பிடிக்க ஆட்கள். அங்கேயே ஒரு கார் பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் புகுந்து 7 பேர் இறந்தார்கள். ஒரு சிறு பிள்ளையும் அதில். எல்லா ஏற்பாடும் இருந்த இடத்தில் அப்படி என்றால், எந்த ஏற்பாடும் இல்லாத பாலமீன்மடு வீதியில் என்ன நடக்கும்?

ஆகவே காரை வாங்கினால் முதல் காசை பிரேக்குக்கும் டயருக்கும் செலவழியுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1518 என்றால் 2018ஆம் ஆண்டு 15ஆம் கிழமை செய்தது. பூ நன்றாகத் தெரிந்தாலும் வயது போன டயர் மழையில் பிடிக்காது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதையெல்லாம் செய்து முடித்த பிறகு சைலன்சரைப் பற்றி யோசிக்கலாம்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். திட்டுவதால் இந்த ஆசை போகாது, இரவு பதினொரு மணிக்கு இன்னும் ஒதுக்குப்புறமான வீதிக்குத்தான் போகும். நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. அனுராதபுரத்தில், களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில், தியத்தலாவையில் எல்லாம் இதற்கென்று இடமும் நாளும் ஒதுக்கி நடத்தியிருக்கிறார்கள். நமக்குப் பெரிய ஓடுபாதை தேவையில்லை. ஒரு திறந்த மைதானம், பிளாஸ்டிக் கூம்புகள், ஒரு நேரத்தில் ஒரு கார், தலைக்கவசம், பார்வையாளர்கள் தூரத்தில், அம்புலன்ஸ் ஒன்று, போக்குவரத்துப் பொலிஸ் முன்னிலையில். கூம்புகளுக்கிடையில் வளைத்து ஓட்டுவதில் வேகம் குறைவு, திறமை கூட வேண்டும். வருடத்துக்கு இரண்டு நாள் போதும். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் நிர்வாகமும் விளையாட்டுக் கழகங்களும் சேர்ந்து மாநகர சபையிடமும் பொலிசாரிடமும் கேட்டால் கிடைக்காத விஷயம் இல்லை. பிரேக்கும் டயரும் பத்திரமும் சரியாக உள்ள காருக்கு மட்டும் அனுமதி என்று சொல்லிப் பாருங்கள், அரைவாசிக் கார்கள் அந்த ஒரு நிபந்தனைக்காகவே திருந்திவிடும்.

எஞ்சின் வேலையில் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைகளை மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரிப் பக்கம் அனுப்புங்கள். கணிதத்தில் தோற்ற பிள்ளை கராஜில் கெட்டிக்காரனாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல பாஸ்மார் இப்போதே குறைவு.

தம்பிமாரே, காரை நேசியுங்கள், கழுவுங்கள், பிரித்துப் பூட்டுங்கள், விற்கும்போது உள்ள குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். வீதியில் மட்டும் 50க்குள் போங்கள். அந்த வீதியில் நடந்து போகிறவர் உங்கள் வாப்பாவாகவும் இருக்கலாம், என்னுடைய மாணவியாகவும் இருக்கலாம்.

அல்லாஹ் எல்லோரையும் பாதுகாப்பானாக.