நடுவில் ஒரு வெற்றுப் பக்கம்

கணினியில் எதையாவது அடித்து அச்சுக்குக் கொடுத்த எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. திரையில் சீராக இருந்த கட்டுரை, அச்சுப்பொறியிலிருந்து வெளியே வரும்போது பாதிப் பக்கத்தில் நின்றுவிடும். மீதி வெள்ளை. தொடர்ச்சி அடுத்த தாளில்! கல்லூரி அசைன்மென்ட் என்றால் கொஞ்சம் எரிச்சலோடு போய்விடும். ஆனால் அந்தத் தாள் ஒரு பைபிள் மொழிபெயர்ப்பின் வரைவாக இருந்தால்?

பாப்புவா நியூ கினியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே நாட்டில் 800க்கும் மேற்பட்ட மொழிகள். பல மொழிகளைச் சில ஆயிரம் பேர்தான் பேசுகிறார்கள். அங்கே வேலை செய்யும் மொழிபெயர்ப்புக் குழுக்கள் பெரும்பாலும் பாராடெக்ஸ்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. ஒரு புத்தகத்தின் வரைவு முடிந்ததும் அதை அச்சிட்டு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். மொழிபெயர்ப்பில் பங்கெடுக்காத ஊர்க்காரர்களுக்கு வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டுத் திருத்துகிறார்கள். மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களில் மடிக்கணினியைவிடத் தாள்தான் கைகொடுக்கும்.

"வரைவுதானே, பக்கம் எங்கே முறிந்தால் என்ன? கடைசிப் பதிப்பில் சரிசெய்துகொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. அர்த்தம் சோதிக்கப்படுவது வரைவில்தான். அங்கே நுழையும் தேவையில்லாத இடைவெளி, சோதனையையே கெடுத்துவிடும்.

எபேசியர் 5ஆம் அதிகாரம் நல்ல உதாரணம். 21ஆம் வசனம், எல்லோரும் ஒருவருக்கொருவர் பணிந்து நடக்கச் சொல்கிறது. 22ஆம் வசனம் மனைவிகளைப் பார்த்துப் பேசுகிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்துக்குச் சொந்தமாக வினைச்சொல்லே கிடையாது. முந்தைய வசனத்திலிருந்துதான் கடன் வாங்குகிறது. அந்த அளவுக்கு இரண்டும் ஒட்டியவை. பல மொழிபெயர்ப்புகள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைப்பு போடுகின்றன. மென்பொருள் அந்தத் தலைப்பை அடுத்த தாளுக்குத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது தாள் மட்டும் கையில் கிடைத்தவர், பணிவு மனைவிக்கு மட்டும் சொன்னது என்றுதான் எடுத்துக்கொள்வார்! தலைப்பு போடலாமா என்று குழு உட்கார்ந்து விவாதித்திருக்கும். பக்கத்தை அங்கே முறிக்க யாருமே முடிவெடுக்கவில்லை.

வெற்றிடத்துக்கும் அர்த்தம் தேடுவது மனித இயல்பு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் கையெழுத்துப் பிரதியில் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு முடிகிறது. பக்கத்துக்கு மூன்று பத்திகள் கொண்ட அந்தப் பிரதியில் மாற்குவுக்குப் பின் ஒரு பத்தி முழுவதும் காலி. எழுதியவருக்கு இன்னும் வசனங்கள் இருப்பது தெரிந்து இடம் விட்டாரா, இல்லை சும்மா விட்டாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஒரு காலிப் பத்திக்கே இந்தப் பாடு என்றால், பாதி வெள்ளைத் தாளைப் பார்க்கும் கிராமத்துப் பெரியவர் "இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறதா?" என்று கேட்பதில் என்ன வியப்பு?

சரி, இந்த முறிவுகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து.

ஒன்று, மறந்துபோன குறியீடு. பாராடெக்ஸ்டில் அதிகாரம், வசனம், பத்தி ஒவ்வொன்றுக்கும் யூஎஸ்எஃப்எம் என்ற முறைப்படி ஒரு குறியீடு உண்டு. பக்கத்தைக் கட்டாயமாக முறிக்க 'பிபி' என்ற குறியீடும் இருக்கிறது. புதிதாக வாசிக்கப் பழகுகிறவர்களுக்கான சிறு நூல்களில் அது பயன்படும். அப்படி ஒரு நூலுக்காகப் போட்டதை எடுக்க மறந்தால், அடுத்த வரைவிலும் பக்கம் அங்கேயே முறியும்.

இரண்டு, ஒட்டும் பண்பு. தலைப்பு பக்கத்தின் அடியில் தனியாக நிற்கக்கூடாது என்பதற்காக, அதை அடுத்த பத்தியோடு சேர்த்தே வைக்க வேர்டு போன்ற மென்பொருள்களில் வசதி உண்டு. நல்ல வசதிதான். ஆனால் அது வரிசையாகப் பல வரிகளுக்கு ஒட்டிக்கொண்டால், அத்தனையும் ஒரே கட்டியாக அடுத்த பக்கத்துக்குத் தாவும். சிறு சிறு வரிகளாக வரும் சங்கீதத்தில் இது தெளிவாகத் தெரியும்.

மூன்று, தாளின் அளவு. ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். அமெரிக்க லெட்டர் தாள் 279 மட்டுமே. ஏ4க்குப் பொருந்தும்படி கையால் முறித்த பக்கத்தை லெட்டரில் அச்சிட்டால், கடைசி இரண்டு மூன்று வரிகள் அடுத்த தாளுக்கு வழியும். அதற்குப் பிறகு முறிவு வரும். மூன்று வரிக்கு ஒரு முழுத் தாள்!

செலவையும் கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு சங்கீதமும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் குறைந்தது 150 பக்கங்கள். 117ஆம் சங்கீதத்துக்கு இரண்டே வசனங்கள்; அதற்கும் ஒரு பக்கம். ஒரு பக்கமாக அச்சிட்டுப் பத்துப் பிரதி எடுத்தால் 1500 தாள், அதாவது மூன்று ரீம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தபோது, ஜெர்மனியிலிருந்து வந்த பெரிய எழுத்துகள் தாளை விழுங்கின. அதனால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தாளின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"காலி இடம் இருந்தால் குறிப்பு எழுதலாமே" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமானதுதான். ஆனால் அதற்கு ஓரத்தை அகலமாக விடலாம், வரி இடைவெளியைக் கூட்டலாம். குறிப்பு எழுத வேண்டிய வசனத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைக்கும்.

ஆகவே வரைவு, தண்ணீர் போலத் தொடர்ந்து ஓட வேண்டும். முறிவு வேண்டுமென்றால் மனிதர் ஒருவர் தெரிந்தே கேட்க வேண்டும். என்டர் விசையைத் தட்டித் தட்டிப் பக்கத்தைச் சரிசெய்வது தீர்வு ஆகாது. அடுத்த திருத்தத்தில் ஒரு வரி கூடினால் எல்லாம் கலைந்துவிடும். குறியீட்டையும் பாணியையும்தான் சரிபார்க்க வேண்டும். பாராடெக்ஸ்ட் உரையை நேராகப் பக்கமாக்கித் தரும் பிடிஎக்ஸ்பிரிண்ட் போன்ற கருவிகள் இன்று இருக்கின்றன. இருந்தாலும் பத்துப் பிரதி எடுக்கும் முன் ஒரு பிரதி எடுத்து, ஒவ்வொரு பக்கமும் எங்கே முடிகிறது என்று ஒருவர் புரட்டிப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. கால் மணி நேர வேலைதான். ஊரில் அந்தப் பெரியவர் கேட்கும் கேள்வி, வெள்ளைத் தாளைப் பற்றி இல்லாமல் வசனத்தைப் பற்றியதாக இருக்கும்.