குளிர் போகிறது, கவனமும் போகலாமா?

மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு பிரித்தானியாவில் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்கின்றன. மார்கழியில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே மறைந்த சூரியன், அன்றிலிருந்து ஏழு மணி தாண்டியும் நிற்கிறது. பூங்காக்களில் டஃபொடில் பூத்திருக்கிறது. ஹீற்றர் செலவு குறைகிறது. ஐந்து மாதமாகப் போர்வைக்குள் சுருண்டிருந்த எமது பெரியவர்களின் முகத்திலும் ஒரு தெளிவு வருகிறது.

இந்த மகிழ்ச்சி நியாயமானதுதான். நாமும் அகதியாக இந்நாட்டுக்கு வந்தவர்களில் ஒருவர் என்பதால், முதல் குளிர்காலத்தைக் கடந்து முதல் வெயிலைக் கண்டவரின் மனம் எப்படியிருக்கும் என்பதை அறிவோம். ஆனால் ஒரு குடும்ப வைத்தியராக வருடாவருடம் கண்டுவருவதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வசந்தம் வந்ததும் எமது சமூகத்தில் இரண்டு விடயங்கள் நடக்கின்றன. குளிரோடு சேர்த்து, விடக்கூடாத சிலவற்றை விட்டுவிடுகிறோம். வெளிச்சத்தோடு தொடங்க வேண்டியவற்றைத் தொடங்காமல் இருந்துவிடுகிறோம். இம்முறை சுகாதாரப் பகுதியில் இவை பற்றியே பேச விரும்புகிறோம்.

முதலில் காலநிலை பற்றி ஒரு வார்த்தை. நாட்காட்டியில் மார்ச் முதலாம் திகதி வசந்தம் பிறந்தாலும், 2018 ஆம் ஆண்டு அதே நாட்களில் நாடு முழுவதும் பனி கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். சித்திரை மாதக் காலையிலும் உறைபனி விழுவதுண்டு. எனவே 65 வயதைத் தாண்டியவர்களும், இருதய, சுவாச நோயாளரும் வீட்டின் சூட்டை 18 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்க விடக்கூடாது. தடித்த கோட்டை அலுமாரியின் அடியில் வைக்க இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

விற்றமின் டி குளிசையை நிறுத்தலாமா?

வசந்தத்தில் எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. "வெயில் வந்திட்டுதுதானே டொக்டர், இனி எதுக்குக் குளிசை?" என்பார்கள்.

இக்கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இந்நாட்டின் சூரிய ஒளியில், தோல் விற்றமின் டி தயாரிப்பதற்குத் தேவையான கதிர்கள் போதியளவு இல்லை. அதனால் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 அலகு, எடுப்பது பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பதே பொதுவான அறிவுரை. 2016 ஆம் ஆண்டு அரசின் போசாக்கு நிபுணர் குழு வெளியிட்ட அறிக்கையின் அடிப்படையில் வந்த அறிவுரை இது. பலர் இதன் முதல் பாதியை மட்டுமே கேட்டிருக்கிறார்கள். கறுத்த, மண்ணிறத் தோல் உடையவர்களும், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களும், உடலை முழுவதும் மூடி உடுப்பவர்களும் வருடம் முழுவதும் இதை எடுப்பது பற்றிச் சிந்திக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. ஒன்று முதல் நாலு வயது வரையான எல்லாக் குழந்தைகளுக்கும் கூட வருடம் முழுவதும் இதே அளவு கொடுக்கப்பட வேண்டும்.

எமது தோலின் நிறம் யாழ்ப்பாணத்து வெயிலுக்காக இயற்கை தந்த குடை. அங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலமே வித்தியாசம். லண்டனில் அந்த வித்தியாசம் எட்டரை மணித்தியாலத்துக்கும் மேல். அதே குடையைப் பிடித்துக்கொண்டு இங்கு வந்த நமக்கு, வெள்ளைத் தோல் உடையவரைவிட அதிக நேரம் வெயில் தேவைப்படுகிறது. யன்னலோரத்தில் கதிரையைப் போட்டு வெயில் காய்ந்தால் உடம்புக்குச் சூடு கிடைக்கும், விற்றமின் டி கிடைக்காது. அதற்கான கதிர்கள் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

இது புதிய பிரச்சினையும் அல்ல. 1960களிலேயே கிளாஸ்கோ நகர வைத்தியர்கள் தெற்காசியப் பிள்ளைகளிடம் கால் எலும்பு வளையும் நோயையும், பெரியவர்களிடம் எலும்பு மென்மையாகும் நோயையும் கண்டு எழுதினார்கள். இன்றும் "நாரி நோகுது, தொடை நோகுது, படி ஏற ஏலாமல் கிடக்குது" என்று வரும் அம்மாமார் சிலருக்கு, வயதோ மூட்டுவாதமோ காரணமல்ல, இந்தக் குறைபாடே காரணமாக இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இந்தியாவில் 60,000 அலகு கொண்ட குளிசைகள் எளிதாகக் கிடைக்கின்றன. வைத்தியர் கிழமைக்கு ஒன்றாகச் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பதை, அங்கிருந்து வாங்கி வந்து தினமும் விழுங்குவது ஆபத்தானது. இரத்தத்தில் கல்சியம் கூடிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். வைத்திய ஆலோசனை இன்றி வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 4,000 அலகைத் தாண்டக் கூடாது.

தடிமன் அல்ல, மகரந்தம்

குளிர்காலத்தில் மூக்கு ஓடினால் அது தடிமன். ஏப்ரலில் தொடங்கி ஆறு கிழமையாக மூக்கு ஓடினாலும் அதையும் தடிமன் என்றே நாம் சொல்கிறோம். மல்லித்தண்ணி அவித்துக் குடிக்கிறோம். அதில் தவறில்லை, தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் பூக்களின் மகரந்தத்தூளால் வரும் ஒவ்வாமைக்கு அது மருந்தல்ல. அன்ரிபயோரிக்கும் மருந்தல்ல.

ஆங்கிலேயர் இதை ஹே ஃபீவர் என்கிறார்கள். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் இதில் காய்ச்சல் வருவதில்லை. 1819 இல் ஜோன் பொஸ்ரொக் என்ற வைத்தியர் தமக்கே இருந்த இந்நோயை லண்டனில் விவரித்தார். 1873 இல் மான்செஸ்ரர் வைத்தியர் சார்ள்ஸ் பிளாக்லி, மகரந்தமே இதற்குக் காரணம் என்பதைத் தம்மீதே சோதனை செய்து நிறுவிய நூலை வெளியிட்டார். மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை மரங்களின் மகரந்தம், மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை வரை புல்லின் மகரந்தம், அதன்பின் களைகளின் மகரந்தம் என்று இது தொடர்கிறது. ஊரில் ஒருநாளும் இல்லாத ஒருவருக்கு இங்கு வந்து சில வருடங்களின் பின் இது தொடங்குவதும் உண்டு.

வித்தியாசம் காண்பது எளிது. தடிமன் ஒன்றிரண்டு கிழமையில் மாறிவிடும், உடல் நோகும். மகரந்த ஒவ்வாமையில் கண்ணும் மூக்கும் அண்ணமும் கடிக்கும், தண்ணீர்போல மூக்கு ஓடும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், வெளியே போனால் கூடும்.

இதைச் சின்ன விடயம் என்று தள்ளிவிட முடியாததற்கு ஒரு காரணத்தைச் சொன்னால் எமது பெற்றோர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஜீசீஎஸ்ஈ, ஏ லெவல் பரீட்சைகள் மே, ஜூன் மாதங்களில் நடக்கின்றன. புல் மகரந்தம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். 2007 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இந்நாட்டின் 1,800க்கும் மேற்பட்ட மாணவர்களின் குளிர்கால மாதிரிப் பரீட்சைப் பெறுபேற்றையும் கோடைகால இறுதிப் பரீட்சைப் பெறுபேற்றையும் ஒப்பிட்டது. பரீட்சை நாட்களில் ஒவ்வாமையால் அவதிப்பட்ட மாணவர்கள், ஒரு பாடத்திலாவது ஒரு தரம் கீழே இறங்கும் சாத்தியம் மற்றவர்களைவிட 40 வீதம் கூடுதலாக இருந்தது. தூக்கம் தரும் ஒவ்வாமைக் குளிசை எடுத்தவர்களுக்கு அது 70 வீதமாக இருந்தது.

ரியூசனுக்கு மாதாமாதம் நாம் கொடுக்கும் காசை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளை பரீட்சை மண்டபத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருக்கிறது. பிரிற்றன் என்ற பெயரில் விற்கப்படும் குளோர்பெனமின் தூக்கம் தரும் வகை. செற்றிரிசின், லொராட்டடின் போன்றவை பெரும்பாலானோருக்குத் தூக்கம் தருவதில்லை, சுப்பர் மார்க்கெற்றிலேயே மலிவாகக் கிடைக்கின்றன. மூக்குக்கு அடிக்கும் ஸ்ரீரொயிட் மருந்து முழுப்பலன் தர நாட்கள் எடுக்கும் என்பதால், தொல்லை தொடங்குவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே ஆரம்பிக்க வேண்டும். புல் மகரந்தத்தால் பாதிக்கப்படும் பிள்ளைக்கு மே மாதம் பிறக்கும்போதே மருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்பது இதன் பொருள். பார்மசிஸ்ரிடம் கேட்டால் பிள்ளையின் வயதுக்குப் பொருத்தமானதைச் சொல்வார். வெளியே போய் வந்ததும் முகம் கழுவி உடுப்பு மாற்றுவதும், மகரந்தம் கூடிய நாட்களில் படுக்கை விரிப்புகளை வெளியே காயப்போடாமல் விடுவதும் உதவும்.

பம்பும் பிரஷர் குளிசையும்

தொய்வு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குளிர் போய்விட்டது என்று தடுப்புப் பம்பை நிறுத்திவிட்டு, நீலநிறப் பம்பை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் எம்மிடையே பலர். நீலப் பம்ப் அந்த நேரத்து முட்டைத் தணிக்கும், சுவாசக் குழாயின் வீக்கத்தைக் குறைக்காது. 1994 ஜூன் 24 இரவு லண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் இடிமழை பெய்தபோது, மூச்சுத் திணறலோடு நூற்றுக்கணக்கானோர் அவசர சிகிச்சைப் பிரிவுகளை நிறைத்தார்கள். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களே அவர்களில் அதிகம். தடுப்பு மருந்து வெயில் காலத்துக்கும் உரியது.

பிரஷர் விடயமும் இதைப் போன்றதே. சூடு கூடும்போது இரத்த அழுத்தம் சற்றுக் குறைவதுண்டு. எழும்பும்போது தலை சுற்றினால் வைத்தியரையோ தாதியையோ கண்டு அளந்து பாருங்கள். நீங்களே குளிசையை நிறுத்தவேண்டாம்.

மண்டபத்தை விட்டு வெளியே வருவோம்

இனித் தொடங்க வேண்டியதற்கு வருவோம். இங்குதான் எமது சமூகத்தோடு, எமது சங்கங்களோடும்தான், எமக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

வெள்ளை இனத்தவரைவிட தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் சாத்தியம் இரண்டு முதல் நாலு மடங்கு அதிகம். அதுவும் இளவயதில், குறைந்த எடையிலேயே வருகிறது. உடற் திணிவுச் சுட்டெண் 23 ஐத் தாண்டினாலே நமக்கு ஆபத்து கூடத் தொடங்குகிறது. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடாது. கிழமைக்கு 150 நிமிடம் மூச்சு வாங்குமளவு உடலை அசைக்க வேண்டும் என்பது வைத்திய ஆலோசனை. "இந்தக் குளிருக்குள்ள எப்பிடி டொக்டர் நடக்கிறது?" என்று ஒக்டோபரில் சொல்வார்கள். சரி, ஏற்றுக்கொள்வோம். மே மாதத்தில் என்ன சொல்வது?

வசந்தகால நிகழ்ச்சிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வருடப்பிறப்பு, கலைவிழா, அரங்கேற்றம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள். எல்லாமே மண்டபத்துக்குள். வெளியே வெயில் எறிக்க, உள்ளே மின்விளக்கில் நாலு மணித்தியாலம் கதிரையில் இருந்து, றோல்ஸும் பற்றிஸும் கடித்து, பிறகு சோறும் சாப்பிட்டுவிட்டு, காரில் ஏறி வீடு போகிறோம். எமது கலைகளும் ஒன்றுகூடலும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒன்றுகூடல் மருந்தைப் போன்றது. ஆனால் ஒன்றுகூடினால் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

எமது யோசனை எளிது. சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர், இரண்டு மணித்தியாலம் காருக்குள்ளோ கன்ரீனிலோ காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலம் அருகிலுள்ள பூங்காவில் சேர்ந்து நடக்கலாம். பேரப்பிள்ளைகளோடு வரும் அம்மம்மா, தாத்தாமாரையும் கூட்டிக்கொண்டு மெதுவாக நடக்க ஒரு குழு, வேகமாக நடக்க ஒரு குழு என்று பிரிக்கலாம். மண்டப வாடகை இல்லை, ஒலிபெருக்கி இல்லை, செலவும் இல்லை. வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் நாள் முழுக்கத் தனித்திருக்கும் பெரியவருக்கு, கிழமையில் அந்த ஒரு மணித்தியாலம் நாம் எழுதும் பல குளிசைகளைவிட அதிகம் செய்யும்.

வெளிச்சம் எட்டாத மனம்

கடைசியாக, நாம் வாய்விட்டுப் பேசாத ஒன்று. குளிர்கால இருட்டில் சோர்ந்துபோகும் மனம் பலருக்கு வசந்தத்தில் தெளிந்துவிடும். பருவகால மனச்சோர்வு என்று 1984 முதல் மருத்துவ நூல்களில் எழுதப்பட்டு வருவது இதுவே. ஆனால் எல்லோருக்கும் அப்படி அல்ல. எமது மக்களில் பலருக்கு மே மாதம் பூக்களோடு வருவதில்லை, 2009 ஐக் கொண்டு வருகிறது. நித்திரை குழம்புகிறது, பழைய சத்தங்கள் கேட்கின்றன, சாப்பாடு இறங்குவதில்லை. ஊரே வெயிலைக் கொண்டாடும்போது தான் மட்டும் இருட்டில் இருப்பது அந்தத் துயரை இன்னும் கூட்டுகிறது.

அப்படியானவர்கள் எம்மிடம் தலையிடி, நெஞ்செரிவு, உடம்பு நோவு என்றுதான் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம்: உங்கள் வைத்தியரிடம் மனதையும் சொல்லுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம், பிள்ளை முன்னே சொல்லமுடியாதவை உண்டு. உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் பொறுக்காதீர்கள். இங்கிலாந்தில் 111 ஐ அழைத்து 2 ஐ அழுத்தினால் மனநல உதவி கிடைக்கும். 116 123 என்ற இலக்கத்தில் சமாரிற்றன்ஸ் இரவும் பகலும் இலவசமாகப் பேசுவார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

பக்கத்து வீட்டில் ஒருவர் வசந்தம் வந்தும் யன்னல் திரையைத் திறக்கவில்லை என்றால், போய்க் கதவைத் தட்டுங்கள். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, "வாங்கோ, கொஞ்சத் தூரம் நடந்திட்டு வருவம்" என்று கூப்பிடுங்கள். அவர் இந்த முறை வராவிட்டால் அடுத்த கிழமையும் கூப்பிடுங்கள்.